17 அடிப் படகும் 21 அடிக் கராஜும்: சுவரை இடிக்க வேண்டாம்

கேள்வி: மீன்பிடிக்கப் போவதற்காக 17 அடி அலுமினியப் படகு ஒன்றை டிரெய்லரோடு வாங்கினேன். 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். என் கராஜ் உள்ளே 21 அடி ஆழம், 11 அடி அகலம். கதவு 9 அடி அகலம், 7 அடி உயரம். மேலே சுருண்டு போய்க் கூரைக்குக் கீழே படுக்கும் பலகைக் கதவு. 4 அடி மிச்சம் இருக்கிறதே என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்னால் தள்ளினால், 2 அடிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. டேப் பிடித்துப் பார்த்தேன், மொத்தம் 23 அடி. பின்சுவரை உடைத்து எஞ்சினுக்கு ஒரு மாடம் கட்டலாம் என்கிறார் மைத்துனர். ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கழற்றி வை என்கிறார் ஒரு நண்பர். கோணலாக நிறுத்து என்கிறார் இன்னொருவர். படகை வெயிலிலும் மழையிலும் வெளியே விட மனமில்லை. கராஜின் பின்மூலையில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள ஐயா,

முதலில் மைத்துனரிடம் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகள் சரியாக இருந்தால் உங்கள் படகு அந்தக் கராஜுக்குள் நிற்கும், கதவும் மூடும். முன்னாலும் பின்னாலும் ஒரு சாண் இடைவெளிகூட மிஞ்சாது. ஆனால் நிற்கும். படகுக்கு டிரெய்லர் பொருத்துவதும், பொருந்தாத டிரெய்லரை வெட்டி ஒட்டுவதுமே என் தொழில். உங்கள் கேள்வியை வேறு வேறு ஆட்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் சுவர் உடைந்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். நீங்கள் அதற்கு முன்பே எழுதியதில் எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

விற்றவர் உங்களை ஏமாற்றவில்லை. படகின் நீளம் என்று காகிதத்தில் போடுவது வெறும் உடலின் நீளம்: அணியத்தின், அதாவது படகின் மூக்கின், நுனியிலிருந்து எஞ்சின் மாட்டும் பின்பலகை வரை. அதற்குப் பின்னால் தொங்கும் எஞ்சினும், அதற்கு முன்னால் நீளும் டிரெய்லரின் முன்தண்டும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் 23 அடியைப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: உடல் 17 அடி, அணியத்துக்கு முன்னால் கப்ளரின் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் முன்தண்டின் முனை) நுனி வரை 3 அடி 2 அங்குலம், பின்பலகைக்குப் பின்னால், தூக்கிய நிலையில் எஞ்சின் 2 அடி 10 அங்குலம். இந்த மூன்றில் உடலைக் குறைக்க முடியாது. மற்ற இரண்டையும் குறைக்கலாம்.

அதற்கு முன் உங்கள் கராஜின் 21 அடியையும் கொஞ்சம் சோதித்துக்கொள்ள வேண்டும். சுவருக்குச் சுவர் 21 அடி இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் வகைக் கதவு முன்சுவரின் உள்பக்கத்தில் உட்காருகிறது. பலகையின் தடிமன், அதன் முதுகில் ஓடும் இரும்புப் பட்டை, கைப்பிடி எல்லாம் சேர்ந்து 3 அங்குலம் தின்றுவிடும். ஆகவே கதவை மூடிவிட்டு, உள்ளே நின்று, கதவில் அதிகம் துருத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து பின்சுவரில் அதிகம் துருத்திக்கொண்டிருக்கும் இடம் வரை அளவெடுங்கள். பின்சுவரில் அலமாரி, குழாய், சுவிட்ச் பெட்டி ஏதாவது இருந்தால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது எஞ்சினின் உயரத்தில் இருக்கிறதா, அதற்கு மேலா கீழா என்பதைப் பொறுத்துத்தான் அது தடையா இல்லையா என்று சொல்ல முடியும். இப்போதைக்கு உங்கள் ஆழம் 20 அடி 9 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிரெய்லரை அளப்பதிலும் ஒரு முறை உண்டு. டேப்பை அந்தரத்தில் பிடித்து இழுத்தால் 3 அங்குலம் வரை பிசகும். உங்கள் விஷயத்தில் அந்த 3 அங்குலம்தான் எல்லாம். சமதளமான இடத்தில் டிரெய்லரை நிறுத்தி, கப்ளரின் நுனியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எஞ்சினின் கடைசி நுனிக்கும், பின்பலகைக்கும், அணியத்துக்கும் அதேபோல் செய்யுங்கள். பிறகு படகைத் தள்ளிவிட்டுத் தரையில் இருக்கும் கோடுகளை அளங்கள். எஞ்சினை ஒருமுறை தூக்கி வைத்தும் ஒருமுறை இறக்கி வைத்தும் இரண்டு கோடுகள் போடுங்கள். இந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலான தூரம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிற இடம்.

எஞ்சினைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் இதற்கு ஒரு காசும் செலவில்லை. சாலையில் இழுக்கும்போது தரையில் இடிக்காமலிருக்க எஞ்சினைத் தூக்கி வைக்கிறோம். அப்போது அதன் கீழ்ப்பாகம் கால் நீட்டினாற்போலப் பின்னால் போய்விடுகிறது. கராஜுக்குள்ளும் அப்படியே விட்டுவிடுகிறார்கள் பலர். இறக்கி நேராக நிற்கவைத்தால் அதே எஞ்சின் பின்பலகைக்குப் பின்னால் சுமார் 1 அடி 9 அங்குலம்தான் பிடிக்கும். உங்களுக்கு 13 அங்குலம் மிச்சம். மொத்தம் 21 அடி 11 அங்குலமாகிவிட்டது பாருங்கள். எஞ்சினுக்கும் இதுதான் நல்லது. நேராக நின்றால் உள்ளே தங்கிய தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும், பின்பலகைமேல் விழும் நெம்புவிசையும் குறையும். தயாரிப்பாளர்களும் இப்படித்தான் வைக்கச் சொல்கிறார்கள்.

ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய எஞ்சினின் அடிநுனி தரையைத் தொடக்கூடாது. இரண்டு விரல்கடை இடைவெளியாவது வேண்டும். போதவில்லையென்றால் முன்பக்க ஜாக்கியைக் கொஞ்சம் இறக்குங்கள். டிரெய்லர் அதன் அச்சில் சீசா பலகை மாதிரி ஆடுவதால், முன்பக்கம் தாழ்ந்தால் பின்பக்கம் உயரும். ஆனால் முன்பக்கம் தாழ்ந்து நின்றால் படகுக்குள் தேங்கும் தண்ணீர் பின்பக்கத் துவாரத்துக்கு வராது. ஆகவே வடிகால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வடிப்பதை வெளியிலேயே, அணியத்தை நன்றாக உயர்த்தி வைத்து முடித்துவிட்டு உள்ளே கொண்டுவாருங்கள். பயணத்துக்கு எஞ்சினுக்கு முட்டுக் கொடுக்கும் தாங்குகம்பி ஏதும் இருந்தால் இறக்குவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். மறந்து பொத்தானை அழுத்தினால் கம்பியும் வளையும், தூக்கும் ஹைட்ராலிக்கும் கெடும்.

இன்னும் 14 அங்குலம் குறைய வேண்டும். இதற்குத்தான் மடக்கு முன்தண்டு. தண்டைக் குறுக்கே அறுத்து, நடுவில் ஒரு கனமான எஃகுக் கீலைப் பொருத்துகிறோம். கீலில் செருகிய பின்னை (இரும்பு ஊசியை) உருவினால் முன்பாதி கதவுபோல் பக்கவாட்டில் திரும்பிப் படகின் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அணியத்துக்கு முன்னால் உங்களுக்கு 38 அங்குலத் தண்டு இருக்கிறது. கப்ளர் நுனியிலிருந்து 28 அங்குலத்தில் கீல் வைத்தால், கீலின் பருமன், திரும்பிய தண்டின் தடிமன் எல்லாம் போக, 24 அங்குலமாவது லாபம். 21 அடி 11 அங்குலத்தில் 2 அடி போனால் 19 அடி 11 அங்குலம். கராஜ் 20 அடி 9 அங்குலம். கையில் 10 அங்குலம் மிச்சம்.

இந்தக் கீல் வேலையில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் உங்கள் பின்னால் ஒரு டன் எடை ஓடி வரும்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு மூட்டுதான்.

டிரெய்லரின் மொத்த எடைத் தகட்டைப் பாருங்கள். படகு, எஞ்சின், எரிபொருள், பேட்டரி, சாமான்கள், டிரெய்லர் எல்லாம் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எடை அதில் இருக்கும். கீலின் தாங்குதிறன் அதற்கு மேல் இருக்க வேண்டும். சமமாக இருப்பதுகூட எனக்குப் பிடிக்காது. அடுத்து ஜாக்கி. உங்கள் ஜாக்கி இப்போது கப்ளருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். கீல் வைத்த பிறகு அது கீலுக்குப் பின்னால், படகின் பக்கம் வர வேண்டும். இல்லையென்றால் தண்டை மடக்கும்போது ஜாக்கியும் சேர்ந்து திரும்பி, டிரெய்லரின் மூக்கு தரையில் விழும். பாதுகாப்புச் சங்கிலிகளும் அப்படித்தான். அவற்றைக் கீலுக்குப் பின்னால் இருக்கும் தண்டிலேயே பிணைத்துவிடுங்கள். முன்பாதியிலேயே சங்கிலி இருந்தால், ஒருவேளை கீலில் செருகிய பின் நழுவினால், சங்கிலி பிடித்துக்கொண்டிருப்பது இரண்டடித் துண்டைத்தான். படகு தன் போக்கில் போய்விடும்.

ஒயரைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்குக் கீல் பொருத்திக் கொடுத்தேன். வெல்டிங் அழகாக வந்திருந்தது. ஆனால் தண்டுக்குள் ஓடும் விளக்கு ஒயருக்குக் கீல் இடத்தில் தொய்வு விட மறந்துவிட்டேன். அவர் நாலைந்து முறை மடக்கி விரித்ததில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிட்டது. இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் பின்விளக்கு ஒன்றுகூட எரியாமல் படகை இழுத்துப் போயிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து நிறுத்திச் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். அன்றிலிருந்து கீல் இருக்கும் இடத்தில் ஒயரை வெளியே எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வளையம் விட்டு, ரப்பர் குழாய் போட்டுத்தான் மறுபடி உள்ளே விடுகிறேன். உங்கள் டிரெய்லரில் ஹைட்ராலிக் பிரேக் இருந்தால் அதன் இரும்புக் குழாயை அந்த இடத்தில் வெட்டி, வளையக்கூடிய பிரேக் ஹோஸ் போட்டு, காற்றெடுத்துச் சோதிக்க வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள்.

கீல் போல்ட்டில் மாட்டுவதாகவும் கிடைக்கும், வெல்டு வைப்பதாகவும் கிடைக்கும். உங்கள் டிரெய்லர் துத்தநாகம் பூசிய இரும்பு என்றால், வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் தீ வைக்க வேண்டும். எரியும் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். வெல்டு முடிந்த பிறகு துத்தநாகம் கலந்த பூச்சை அடிக்காவிட்டால், தண்ணீரில் இறங்கி ஏறும் டிரெய்லர் அந்த இடத்திலிருந்தே துருப்பிடிக்கத் தொடங்கும். டிரெய்லர் அலுமினியம் என்றால் வெல்டு வேண்டாம். அதற்கென்று செய்த போல்ட் வகைதான் சரி.

இனி, உள்ளே கொண்டுபோகும் வரிசை. இதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், உங்கள் அளவுகளை வைத்தே சொல்கிறேன். எஞ்சினைத் தூக்கிய நிலையிலேயே, வண்டியோடு பின்னால் தள்ளுங்கள். எஞ்சின் நுனிக்கும் பின்சுவருக்கும் 3 அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். அப்போது கப்ளர் கதவுக் கோட்டுக்கு வெளியே 2 அடி 6 அங்குலத்தில் இருக்கும், வண்டி கராஜுக்குள் நுழைய வேண்டிய தேவையே இல்லை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஜாக்கியை இறக்கி, வண்டியைக் கழற்றி, முன்னே நகர்த்திவிடுங்கள். இப்போது பின்னை உருவித் தண்டை மடக்குங்கள். கீல் கதவுக் கோட்டுக்கு வெளியே 6 அங்குலம் நீட்டியிருக்கும். பிறகு எஞ்சினை இறக்குங்கள்; பின்சுவரோடு இடைவெளி 3 அங்குலத்திலிருந்து 16 ஆகும். கட்டையை எடுத்து, டிரெய்லரைக் கையால் 11 அங்குலம் பின்னால் தள்ளினால் முடிந்தது. பின்னால் 5 அங்குலம், முன்னால் 5 அங்குலம்.

தண்டை மடக்குவதற்கு முன் எஞ்சினை இறக்கினால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம். ஆனால் எஞ்சினைத் தூக்கிய நிலையில் வாசலைத் தாண்டுவதுதான் முக்கியம். வாசல்படியின் சின்ன மேட்டில் அடிநுனி ஒருமுறை தட்டினால் போதும், கியர்பெட்டியின் கீழ்த்துடுப்பு உடைந்துவிடும்.

அந்தக் கடைசி 11 அங்குலத்தை லேசாக நினைக்காதீர்கள். உங்கள் படகும் டிரெய்லரும் சாமான்களும் சேர்ந்து 1000 கிலோவை ஒட்டி இருக்கும். மட்டமான சிமென்ட் தரையில் அதை உருட்ட 20 கிலோ அளவு விசை போதும், ஓர் ஆளே தள்ளலாம். ஆனால் கராஜ் தரைகள் மட்டமாக இருப்பதில்லை. தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று கதவுப் பக்கம் சரித்துத்தான் போடுவார்கள். 50 அடிக்கு 1 அடி சரிவு இருந்தாலே இன்னொரு 20 கிலோ கூடும். தள்ளி முடித்து மூச்சு வாங்கக் கையை எடுத்த நொடியில் அது திரும்பி உங்கள்மேலேயே உருளலாம். ஆகவே இரண்டு பேர் தள்ளுங்கள். மூன்றாவது ஆள் கட்டையோடு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நகர நகரக் கட்டையை ஒட்டிக்கொண்டே வரட்டும். அடிக்கடி எடுத்து வைப்பீர்கள் என்றால், பின்பக்கத் தரையில் காங்கிரீட்டுக்குள் கொக்கி ஒன்று பதித்து, சிறிய கை வின்ச்சால் டிரெய்லரின் சட்டத்தைப் பிடித்து இழுப்பது இன்னும் நல்லது. அப்போது யாரும் டிரெய்லருக்கு முன்னால் நிற்க வேண்டியதில்லை. சட்டத்தில்தான் மாட்ட வேண்டும், எஞ்சினில் மாட்டக்கூடாது.

சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்க வழி செய்யுங்கள். முதல்முறை சரியாக நிறுத்தியதும், ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் ஒரு கட்டையைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிடுங்கள். அதன்பிறகு சக்கரம் முட்டினால் போதும், 5 அங்குலம் தானாக அமைந்துவிடும். கதவு மின்சாரத்தில் இயங்குவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்தக் கதவுகளில் ஆள் குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளிக்கண் இருக்குமே, அது தரையிலிருந்து 6 அங்குல உயரத்துக்குள் இருக்கும். உங்கள் டிரெய்லரின் தண்டோ அணியமோ அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குக் கண் தெரியாது. பாதை காலியாக இருக்கிறது என்று நினைத்துக் கதவு இறங்கிவிடும். முதல் நாலைந்து முறை மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையாலேயே மெதுவாக இறக்கிப் பாருங்கள். இன்னொன்று, பலகைக் கதவு நேராகக் கீழே இறங்குவதில்லை. மேலே வளைந்து உள்பக்கமாக வந்துதான் இறங்குகிறது. அணியத்தின் உச்சியும், முன்பக்கம் டிரோலிங் மோட்டார் (படகை மெதுவாக ஓட்டும் சிறு மின்மோட்டார்) மாட்டியிருந்தால் அதன் தலையும் அந்த வளைவில் மாட்டாமலிருக்கிறதா என்பதைக் கதவைப் பாதியில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். மாட்டினால், டிரோலிங் மோட்டாரைச் சட்டென்று கழற்றி மாட்டும் அடித்தட்டு போட்டுக்கொள்ளலாம்.

படகின் உயரத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கதவு 7 அடி என்றாலும், திறந்த கதவின் அடிவிளிம்பு சில அங்குலம் தொங்கும். அங்கே அளந்ததுதான் உங்கள் உயரம். படகின் கண்ணாடித் தடுப்பு, தூண்டில் செருகும் குழாய்கள், பின்பக்க விளக்குக் கம்பம் இவற்றின் உச்சியை அளங்கள். உங்கள் கராஜுக்கு ஏறி வருகிற பாதை சரிவாக இருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். டிரெய்லர் சக்கரம் கராஜின் மட்டத் தரைக்கு ஏறிவிட்டது, வண்டியோ இன்னும் கீழே சரிவில் இருக்கிறது என்றால், டிரெய்லரின் மூக்கு தாழ்ந்து வால் உயரும். 20 அடிக்கு 1 அடி சரிவில், அச்சுக்கு 8 அடி பின்னால் இருக்கும் பொருள் 5 அங்குலம் உயர்ந்துவிடும். வாசலைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, உள்ளே படுத்திருக்கும் கதவிலோ அதன் மோட்டார் தண்டிலோ விளக்குக் கம்பம் போய்க் குத்தும். கம்பங்களையும் தூண்டில்களையும் வெளியிலேயே இறக்கிவிடுங்கள். உயரத்துக்காக டயரில் காற்றை இறக்குவதை நான் சொல்ல மாட்டேன். ஓர் அங்குலம் கிடைப்பதற்காக டயரின் ஓரம் கிழிவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மற்ற யோசனைகள். கோணலாக நிறுத்துவது நல்ல உத்திதான், உங்கள் கராஜுக்கு மட்டும் ஆகாது. பெட்டி மாதிரியான பொருளைக் கோணலாக வைத்தால் இடம் கூடத்தான் செய்யும். 23 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள ஒரு பெட்டியை 10 பாகை திருப்பினால் 10 அங்குலம் அதிகம் பிடிக்கும். டிரெய்லரில் இருக்கும் படகு இரண்டு நுனியிலும் ஒடுங்கி இருப்பதால்தான் கோணல் உதவுகிறது. உங்கள் 23 அடியை 20 அடி 9 அங்குலத்துக்குள் அடக்க 25 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும். அப்போது அகலம் கிட்டத்தட்ட 12 அடி பிடிக்கும். உங்களிடம் இருப்பது 11. இரண்டு கார் நிற்கும் கராஜாக இருந்தால் கீலே வேண்டாம், கோணலாக விட்டுவிடலாம் என்று சொல்லியிருப்பேன்.

எஞ்சினைக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். 60 குதிரைத்திறன் எஞ்சின் 100 கிலோவுக்கு மேல். தூக்கப் பளு தூக்கி வேண்டும், ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுக் கேபிள், எரிபொருள் குழாய், ஒயர் எல்லாம் பிரித்து மாட்ட வேண்டும். அதைவிடப் பெரிய கெடுதல் பின்பலகையில். எஞ்சின் போல்ட் போகும் துளைகளைச் சுற்றித் தண்ணீர் புகாத பசை போட்டு அடைத்திருப்பார்கள். அது ஒவ்வொரு முறையும் உடையும். பின்பலகைக்குள் மரம் இருந்தால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமல் உள்ளே உளுத்துப்போகும்.

மைத்துனரின் மாடத்தை நான் குறை சொல்லவில்லை. கீலும் இறக்கிய எஞ்சினும் சேர்ந்தும் போதாதபோது அதுதான் கடைசி வழி. ஆனால் கூரையின் பளு அந்தச் சுவர்மேல் இறங்குகிறதா என்பதைக் கட்டடப் பொறியாளர் ஒருவர் பார்த்து, மேலே லிண்டல் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

வாட்டர் ஹீட்டர். இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி அதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல், தண்ணீர்போலத் தரையில் படர்ந்து, தாழ்ந்த மூலையைத் தேடிப் போகும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். எஞ்சின் பின்சுவர்ப் பக்கம் நிற்கப் போகிறது, அதே பக்கத்து மூலையில் கேஸ் ஹீட்டரின் சுடர் எரிகிறது. இதனால்தான் அமெரிக்கக் கட்டட விதிகள், கராஜுக்குள் சுடரோ பொறியோ உண்டாகும் இடம் தரையிலிருந்து 18 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்கின்றன. உங்கள் ஹீட்டரின் அடியில் இருக்கும் அந்தச் சுடர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தரையோடு தரையாக இருந்தால், படகை உள்ளே விடும் முன் அதை உயரமான தாங்கியில் ஏற்றுங்கள், அல்லது வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

கையில் தூக்கும் எரிபொருள் டேங்க் என்றால் கராஜுக்குள் கொண்டுவரவே வேண்டாம்; வெளியே நிழலான, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். படகிலேயே பதித்த டேங்க் என்றால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரிந்து காற்றுத்துளை வழியாகச் சொட்டும். பத்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே விட்ட பிறகு ஒரு நிமிடம் குனிந்து மோந்து பாருங்கள். தரைமட்டத்தில் பெட்ரோல் வாடை வந்தால் கதவைத் திறந்து படகை வெளியே இழுங்கள், விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள். சுவரின் அடியில் காற்றோட்டத்துக்கு ஒரு திறப்பு இருந்தால் மிகவும் நல்லது. ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் போடும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அப்போதும் கதவு திறந்திருக்கட்டும். எஞ்சினுக்குத் தண்ணீர்க் குழாய் மாட்டிக் கழுவி ஓட்டுவதை வெளியிலேயே முடித்துவிடுங்கள். மூடிய கராஜில் சில நிமிடம் ஓட்டினாலும் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்த்துவிடலாம்.

வண்டியிலிருந்து கழற்றிய படகில் ஏறும்போதும் கவனம் வேண்டும். முன்தண்டின்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம்தான்; உங்களுக்கு 50 முதல் 100 கிலோ. இரண்டு பேர் எஞ்சின் பக்கத்தில் போய் நின்றால் மூக்கு அப்படியே அந்தரத்தில் எழும்பி, எஞ்சின் தரையில் மோதும். உள்ளே ஏறி வேலை செய்ய வேண்டுமென்றால் டிரெய்லர் சட்டத்தின் பின்பக்க முனைகளுக்கு அடியில் இரண்டு தாங்கிகளை வைத்துவிட்டு ஏறுங்கள்.

கீல் வாங்கக் கிளம்புவதற்கு முன் இரண்டு அளவுகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, முன்தண்டின் குறுக்கு அளவு: 3 அங்குலச் சதுரமா, 3க்கு 4 அங்குலமா, வேறா என்று. கீல்கள் தண்டின் அளவுக்குத் தகுந்தாற்போல்தான் வருகின்றன. அரை அங்குலம் தளர்ந்தாலும் ஓடும்போது ஆடி ஆடித் துளை பெருத்துவிடும். இரண்டு, வின்ச் கம்பத்தின் (படகை டிரெய்லர்மேல் இழுக்கும் வின்ச் நிற்கும் கம்பம்) முன்விளிம்பிலிருந்து கப்ளர் நுனி வரை உள்ள நேரான தண்டின் நீளம். அதில் ஜாக்கிக்கும் கீலுக்கும் சேர்த்து இடம் இருக்க வேண்டும். அந்த நீளம் 3 அடிக்குக் குறைவாக இருந்தால் கீலை வாங்காமல் எனக்கு மறுபடி எழுதுங்கள். வின்ச் கம்பத்தையே சற்றுப் பின்னுக்குத் தள்ள முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.